லியோன்டின் சுவரின் சிவப்புக் கோடு

“சுண்ணாம்பு பூசிட்டா ஆறு வழி மறந்துடுமா அர்சேன்? உங்க அம்மா எந்த ரூம்ல செத்தாங்கன்னு அந்த வாத்தியார்கிட்ட சொன்னியா?”

லியோன்டின் கத்தியது படகுத்துறைத் தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டு அர்சேன் ஏணியைவிட்டு இறங்கவில்லை.

“மெதுவா பேசுக்கா. ஊர் கேக்குது.”

“கேக்கட்டும்னுதான் கத்துறேன்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷத்து வெள்ளம் வடிந்ததும், தண்ணீர் ஏறிய உயரத்துக்குக் கல்தச்சன் அந்தத் தெருவின் ஒவ்வொரு வீட்டிலும் கோடு செதுக்கினான். எல்லாம் வாசற்படியிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே. அர்சேன் தன் வீட்டுக் கோட்டைத்தான் பூசி மறைத்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கு வந்த புது வாத்தியாருக்கு வீட்டை விற்கப்போகிறான். ஆற்றைப் பார்த்த கீழறையில் கைக்குழந்தைக்குத் தொட்டில் போடுவதாக வாத்தியார் பெண்டாட்டி சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

விலார்சே என்ற அந்த ஊரில் மூன்றே தெரு. உச்சியில் மாதா கோயில் தெரு, நடுவில் கடைத்தெரு, அடியில் படகுத்துறை. நூற்றுப் பன்னிரண்டு கல்படிகள் மூன்றையும் கோர்த்திருந்தன. எத்தனையாவது படியில் வீடு என்று தெரிந்தால் போதும், யார் முதலில் தொப்பியைக் கழற்றவேண்டும் என்பது தெரிந்துவிடும். கீழே இருப்பவர்களுக்கு மேலே இருப்பவர்கள் வைத்த பெயர் தவளைகள். லியோன்டின் மேல்தெரு ரொட்டிக்காரர் மகள். மீன்பிடிக்கிறவனைக் கட்டிக்கொண்டு கீழே வந்தாள். அப்பா சாகும்வரை ஒரு படிகூட இறங்கி வந்து அவளைப் பார்க்கவில்லை. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம். முட்டி தேய்ந்துவிட்டது, மேலே போய் வாழும் ஆசை தேயவில்லை. கோயில் தெருவில் இரண்டு அறை பார்த்து வைத்திருந்தாள். இந்த வீடு விற்றால்தான் அது கைக்கு வரும்.

அர்சேனுக்கு அது தெரியும். சாயங்காலம் ஒயின் பாட்டிலோடு வந்தான்.

“என் வீடு போற விலைக்குத்தான் உன்னுதும் போகும். உன் கோட்டையும் நானே பூசித் தர்றேன். ரெண்டு பேரும் மேல போயிடலாம்க்கா.”

அவள் ஒரு கிளாஸ் குடித்தாள். நல்ல ஒயின்.

“கட்டிலோட மிதந்த உங்க அம்மாவை என் புருஷன்தான் தூக்கினான். நீ மாடியில பீரோவை நகர்த்திக்கிட்டு இருந்த.”

“முப்பத்துநாலு வருஷமாச்சு.”

“ஆறு அங்கேயேதான் இருக்கு. எட்டிப் பாரு. பாட்டிலை வெச்சுட்டுப் போ.”

அர்சேனின் சுவரை அவள் தொட்டால் போலீஸ் வரும். தன் சுவரைத் தொட யாரையும் கேட்கவேண்டாம். மறுநாள் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து கடைத்தெருவுக்கு ஏறினாள்.

ஞாயிறு பூசை முடிந்து வாத்தியார் குடும்பம் இறங்கி வந்தபோது, லியோன்டின் நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தாள். செதுக்கிய கோட்டின்மேல் சாண் அகலத்துக்குச் சிவப்பு. அவள் வீட்டின் ஒரு முனையில் தொடங்கி, அர்சேனின் புது வெள்ளைச் சுவரில் முட்டி நின்றது.

குழந்தையை ஏந்தியிருந்தவள் அண்ணாந்து பார்த்தாள்.

“இது என்னங்கம்மா கோடு?”

“தண்ணி. என் வீட்ல இதுவரைக்கும் வந்துச்சு. பக்கத்து வீட்டுக்கு வந்துச்சான்னு அதோ நிக்கிறானே, அவனையே கேளு.”

அர்சேன் ஏணிக்குப் பின்னால் நகர்ந்தான். வாத்தியார் பெண்டாட்டி குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு வந்த படியிலேயே திரும்பி ஏறினாள். வாத்தியாரும் பின்னாலேயே போனார்.

“உன் வீட்டையும் இனி ஒரு நாய்கூட வாங்காது, கிழவி.”

“தெரியும். ஏணியை எடு, வழியை மறைக்குது.”

கோயில் தெருவின் இரண்டு அறையும் அந்த வாரமே வேறு ஒருத்திக்குப் போயின. லியோன்டினுக்கு ஆன செலவு: பெயிண்ட் டப்பா நான்கு பிராங்க் இருபது சாந்தீம், பிரஷ்ஷுக்குத் தனியாக ஒன்று முப்பது.