அகலமான ஐபீஸில் தெரிந்தது

போன வாரம் ஓவேலிக்குப் போயிருந்தேன். கையில் ஒரு சின்ன டப்பா. அதற்குள் பஞ்சு சுற்றிய ஒரு ஐபீஸ்.

டெலஸ்கோப்பில் நாம் கண்ணை வைத்துப் பார்க்கிற லென்ஸ் குழல்தான் ஐபீஸ். கழற்றி மாற்றலாம். டெலஸ்கோப்போடு கூடவே வருவது பெரும்பாலும் ஊசித் துளை மாதிரி இருக்கும். கண்ணை ஒட்டவைத்து, மூச்சைப் பிடித்து, கழுத்தைக் கோணலாக்கி... மூக்குக்கண்ணாடி போட்ட என்னைப் போன்றவர்களுக்கு அது சுத்தமான தண்டனை. கண்ணாடி டக்கென்று அதில் போய் இடிக்கும்.

அகலமான ஐபீஸ் அப்படியில்லை. கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்கலாம். சாவித் துவாரத்தில் எட்டிப் பார்ப்பதற்கும் ஜன்னலைத் திறந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். காந்தலில் எங்கள் வீட்டைச் சுற்றி ஒரே தெருவிளக்கு. அதனால் சோதித்துப் பார்க்க, ஓவேலியில் இருட்டான எஸ்டேட்டுக்குள் இருக்கும் மரகதம் வீட்டுக்குப் போனேன்.

மரகதம் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். மேட்டுப்பாளையத்துப் பெண். வானம் பார்க்கிற எங்கள் சின்னக் கூட்டத்தில் சொந்தமாகப் பெரிய டெலஸ்கோப் வைத்திருப்பவர் அவர்தான். கணவர் சிவலிங்கம் டீ ஃபாக்டரியில் வேலை பார்க்கிறார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நட்சத்திரம் வருவதற்கு முன்னால் தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பார்த்து ஃபோகஸ் சரிசெய்து வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். மரகதத்துக்கு அந்த ‘ஏதாவது ஒன்று’ எப்போதும் எதிர்ச் சரிவில் இருக்கும் பாதை வளைவுதான். இடதுபக்கம் ஃபாக்டரி, வலதுபக்கம் வீட்டுக்கு வரும் பாதை, நடுவில் அந்த வளைவு. அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் அங்கே நின்று வீட்டுக்குப் பேசிவிட்டுத்தான் நடப்பார்கள். இரண்டு அடி நகர்ந்தால் லைன் போய்விடும்.

மரகதம் பழைய ஐபீஸில் கண்ணை வைத்துச் சிரித்தார். சிவப்பு ஸ்வெட்டரோடு சிவலிங்கம் வந்து நின்றுவிட்டாராம். அதே நேரம் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். என்ன குழம்பு, சார் வந்தாச்சா, பால் வாங்கணுமா... பேச்சு நீண்டது.

நான் அதற்குள் ஐபீஸை மாற்றினேன்.

அடடா! நகர வேண்டாம், குனிய வேண்டாம். மூக்குக்கண்ணாடியோடு அப்படியே பார்க்கலாம். இந்த வகை டெலஸ்கோப்பில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். சிவலிங்கம் தலைகீழாக நின்று போனில் பேசினார். பழைய ஐபீஸில் அவர் மட்டும்தான் தெரிவார். இதில் அவரைச் சுற்றித் தேயிலைச் செடிகள், பாதை, வலது ஓரத்தில் ஒரு பாறை.

அந்த வளைவில் ஏது பாறை?

மேலிருந்து தொங்குவதுபோல் இருந்தது. கறுப்பு. அதில் வெள்ளையாக ஒரு கோடு. பார்த்துக்கொண்டே இருந்தேன். கோடு மெதுவாக அசைந்தது. அது தந்தம்.

யானை காதைக்கூட ஆட்டவில்லை. அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் நின்றது. இங்கே ஸ்பீக்கரில் சிவலிங்கம், ரசம் வைத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மரகதத்தின் தோளைத் தட்டி, விலகி, பார்க்கச் சொன்னேன். பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். வலதுபக்கம் நிற்கிறது, வலதுபக்கம்தானே வீட்டுப் பாதை? திரும்பி ஃபாக்டரிக்கே போகச் சொல்லுங்கள் என்று அவர் காதில் கிசுகிசுத்தேன்.

அவர் போனை வாயருகே கொண்டுபோனார். பிறகு, தன் கையால் அதை மூடிக்கொண்டார்.

“இல்லைங்க சார். தினமும் இதுல பாக்கறப்ப, அவரு ஊட்ட விட்டுப் போற மாதிரித்தான் தெரியும். ஆனா ஊட்டுக்குத்தான் வருவாரு.”

எனக்கு உறைத்தது. மேல் கீழ் மட்டுமா மாறும்? இடமும் வலமும்கூட மாறும். இத்தனை வருடம் நிலாவையும் நட்சத்திரத்தையும் பார்த்தவனுக்கு அந்த நிமிடம் மறந்துபோயிற்று. நிலாவில் எந்தப் பக்கமாக இருந்தால் என்ன? இங்கே, யானை ஃபாக்டரிப் பக்கம் நின்றது. அவர் வந்த வழியிலேயே அவருக்குப் பின்னால் வந்திருக்கிறது. நான் அவரை நேராக அதனிடமே அனுப்பப் பார்த்தேன்.

லைன் போவதற்குள் ஒருமுறைதான் சொல்ல முடியும். மரகதம் குரலை இறக்கிச் சொன்னார்.

“ஏனுங்க, திரும்பிப் பாக்காதீங்க. பேசாம ஊட்டைப் பாத்து நடங்க. வெரசா.”

அவர் நகர்ந்ததும் லைன் அறுந்தது.

ஐபீஸில் சிவலிங்கம் தலைகீழாக நடந்தார்... வீட்டை விட்டுப் போவதுபோல. யானை ஓடவில்லை. அவர் நின்ற இடத்துக்கு வந்து, துதிக்கையால் அந்த மண்ணைத் தடவியது. ஏதோ தேடுவதுபோல் நிதானமாகத் தடவியது. அதற்குமேல் பார்க்க முடியவில்லை. பள்ளத்திலிருந்து பனி மஞ்சு ஏறி வளைவை மூடிவிட்டது.

அதன்பிறகு காத்திருந்தோமே, அதுதான் கொடுமை. டெலஸ்கோப் இருந்தும் குருடர்கள் நாங்கள். மரகதம் வாசலிலேயே நின்றார். மஞ்சுக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. சிவலிங்கத்தின் செருப்புதானா? நாங்கள் இருவருமே கூப்பிடவில்லை. பயம்.

சிவப்பு ஸ்வெட்டர் வெளியே வந்தது. மரகதம் அதன் கையைப் பிடித்தவர், விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை விடவேயில்லை.

கேட்டுவிட்டுச் சிவலிங்கம் வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“பேசறப்ப பின்னால யாரோ மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. காத்துன்னு நெனச்சேன்.”

அன்று ஒரு நட்சத்திரம்கூடப் பார்க்கவில்லை. அந்த ஐபீஸைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கவுமில்லை. மரகதத்தின் டெலஸ்கோப்பிலேயே விட்டுவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் அவர் தினமும் சாயங்காலம் அதில் முதலில் பார்ப்பது கணவரை இல்லையாம். கணவருக்குப் பின்னால் இருக்கும் இடத்தைத்தானாம்.

ஐபீஸ் வாங்கப் போகிறீர்களா? நமக்கு வேண்டியவர் பெரிதாகத் தெரிந்தால் மட்டும் போதாது... அவரைச் சுற்றிக் கொஞ்சம் இருட்டும் தெரிய வேண்டும்.