கட்டிலில் கிடப்பவரின் காது

படப்பிடிப்புத் தளத்தில் அவருக்குக் ‘கோமா அக்கா’ என்று பெயர். மருத்துவமனைத் தொடர் ஒன்றில், நாயகியான பெண் டாக்டரின் தாயாக நினைவிழந்து கிடப்பதே அவருடைய வேலை. வசனம் கிடையாது. மூக்கில் குழாய், கையில் பிளாஸ்திரி. மார்பு ஏறி இறங்காமல் அடிவயிற்றால் மூச்சு விடுவார். இமைக்குள் விழி உருளாமல் நிறுத்திக்கொள்வார். இதை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. லாரி ஓட்டிய கணவர், தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இப்படித்தான் கிடந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் இவர்.

“இந்த வாரமாவது கண்ணைத் தொறப்பீங்களாக்கா?” என்றார் உதட்டை வெளுப்பாக்கிக்கொண்டிருந்த மேக்கப்காரர்.

“நான் எந்திரிச்சு உக்காந்தா என் பொழப்பு படுத்துடும்பா. நீ பூசு.”

அன்றைய காட்சியில், யாரிடமும் சொல்லாத ஒன்றை மகள் தாயிடம் சொல்லவேண்டும். ஒத்திகையில் வசனத்தை முணுமுணுத்து ஒப்பேற்றிய நாயகி, கேமரா ஓடத் தொடங்கியதும் அவருடைய காதருகே குனிந்தாள்.

“உனக்குக் கேக்காதுங்கிற தைரியத்துல சொல்றேம்மா. நீ போயிட்டா நல்லாருக்கும்னு நெனச்சேன்.”

அடிவயிற்று மூச்சு தடுமாறியது.

கணவரின் கட்டிலுக்கு மேலாக, எதிரே நின்ற தங்கையிடம் அவரும் ஒன்று சொல்லியிருந்தார்: “இவரு பொழைச்சு வந்தா நான் செத்தேன்டி.” கோபத்தில் அல்ல, களைப்பில் வந்த சொல். சற்று நேரத்தில் கணவரின் கடைக்கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. நர்ஸ் பஞ்சால் ஒற்றினார். “கண்ணு வறண்டா இப்படித்தான் வடியும். அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா.” கணவர் போன பிறகு, அந்த நர்ஸின் வார்த்தையைப் பிடித்துக்கொண்டே அவர் கரையேறினார். தங்கையும் அவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

இப்போது, மூடிய இமைகளுக்கு இப்பால், எல்லாமே கேட்டது. நாற்காலி முனகுவது கேட்டது. சொல்வதற்கு முன் நாயகி எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. கணவர் தம்மைப் போல நடித்துக் கிடந்தவர் அல்லர். அவருக்கு வேறாக இருந்திருக்கும் என்று தமக்குத் தாமே சொல்லிப் பார்த்தார். ஆனாலும் சூடாக ஒரு துளி கடைக்கண்ணைத் தாண்டிக் காதுக்குள் இறங்கியது.

“கட். கோமால இருக்கறவங்க அழுவாங்களாக்கா?” இயக்குநரின் குரலில் சலிப்பு. “இப்படியே போனா அம்மாவை முடிச்சுட்டுக் கதையை நகர்த்திட வேண்டியதுதான்.”

“விடுங்க சார், என் நடிப்புக்கு அவங்களாவது அழுதாங்களே” என்று நாயகி சிரித்தாள்.

அக்காவின் வேலை போய்விடக் கூடாதென்று மேக்கப்காரர் பஞ்சுடன் ஓடிவந்தார். “அழல சார். லைட்டு சூடு. கண்ணு வறண்டா இப்படித்தான் வடியும். இல்லக்கா?”

அவர் கண்ணைத் திறந்து பஞ்சைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

“ஆமாம்பா” என்றார். “வறண்டுதான் இருக்கு.”

மறுபடி விளக்குகள் எரிந்தன. நாயகி குனிந்தாள், எச்சில் விழுங்கினாள், அதே வசனத்தைச் சொன்னாள். கோமா அக்கா கணவர் கிடந்தது போலவே அசையாமல் கிடந்து, முழுவதையும் கேட்டார்.