தகப்பன் விரால்

கன்னையாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. புத்தூருக்குப் பக்கத்து ஏரியில் முப்பது வருஷமாகத் தூண்டில் போட்டே உடம்பு ஓய்ந்துபோனது. கை கால் ஒடிந்து புத்தூருக்குக் கட்டுப் போட வருகிறவர்கள் விரால் மீன் தேடுவார்கள். குழம்பு வைத்துச் சாப்பிட்டால் எலும்பு சீக்கிரம் கூடும் என்று ஒரு நம்பிக்கை. எத்தனை பேருக்குப் பிடித்துக் கொடுத்திருப்பார்! இப்போது அவர் மனைவி தனபாக்கியமே வழுக்கி விழுந்து கையில் கட்டோடு கிடக்கிறாள். மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விரால் என்றால் இரண்டு வாய் சாப்பிடுவேன் என்றாள். ஏரியிலோ ஒரு விராலும் கண்ணில் படவில்லை.

நாலாம் நாள் காலையில் கோரைப்புல் ஓரம் தண்ணீர் செக்கச்செவேலென்று கொப்பளித்தது. மூச்சு வாங்க மேலே வந்த சிவப்பு விரால் குஞ்சுகள். அடியில் தகப்பன் காவல் இருக்கும். அந்தச் சமயத்தில் அது பசிக்கு இரை தேடாது. ஆனால் குஞ்சுகளுக்கு நடுவில் ஒரு தவளை விழுந்தால் போதும், கோபத்தில் பாய்ந்து கவ்வும். அந்தக் கோபத்தை வைத்துத்தான் கன்னையா இத்தனை காலம் பிழைத்தார். ஏரி காலியானதற்கு வேறு யாரைக் குறை சொல்வது?

ஒரு பீடி தீரும்வரை யோசித்தார். பிறகு தவளையைக் கோத்து வீசினார்.

வீட்டில் அவர் மீனை அறுக்கும்போது தனபாக்கியம் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மாமா, வயித்துல ஒண்ணுமே இல்ல?"

"குஞ்சுங்களுக்குக் காவல் காத்துக்கினு இருந்திச்சி. அதான் துன்னல."

"நீயுந்தான் மூணு நாளா சரியா துன்னல" என்றாள். மீனை மறுபடி பார்த்துவிட்டு, "அப்போ அதுங்கள இனிமே யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டாள்.

கன்னையா துண்டுகளை அலசிக் குழம்பு வைத்தார். அவள் தட்டு நிறையச் சாப்பிட்டதைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது. தனக்குப் போட்டுக்கொள்ளாமல் ஏரிக்கு நடந்தார்.

கோரைப்புல் ஓரம் ஜிலேபி மீன்கள் குஞ்சுகளைத் தின்ன மொய்த்துக்கொண்டிருந்தன. காலையில் பார்த்த சிவப்பில் பாதிகூட இல்லை. மண்ணாங்கட்டியை எடுத்து வீசினார். ஜிலேபி விலகும், உடனே திரும்பி வரும். பொழுது சாயும்வரை வீசினார். தோள் கடுத்தது. ஒவ்வொரு கட்டி விழும்போதும் குஞ்சுகளும் மிரண்டு ஆளுக்கொரு பக்கம் சிதறின. ஒன்று சேர்க்கத்தான் ஆளில்லை.

கன்னையா கையிலிருந்த கட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தார்.