அக்காவுக்குக் கைராசி இருந்ததில்லை

துக்க வீட்டில் எங்களோடு உட்கார்ந்து அழுதவர்களுக்கும், ஓராண்டு கழித்தும் மறக்காமல் இன்று வந்திருப்பவர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் மேற்படிப்பு வரை போனவன் நான் ஒருவன்தான். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜொகூர் மாநிலத்துப் பெக்கோக் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அக்கா. பழக்குலை வெட்டும்போது முதுகில் அடிபட்டு அப்பா படுத்துவிட்டதால், ஆறாம் ஆண்டோடு அக்காவின் படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். மயிரிழை போன்ற செம்புக் கம்பியை உருளையில் சுற்றி ‘காயில்’ செய்யும் வேலை. கம்பி அறுந்தால் முதலிலிருந்து சுற்ற வேண்டும். கண் வலிக்க வலிக்கச் சுற்றித்தான் என்னைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தார்.

ஒருமுறை தொழிற்சாலையில் பழைய மர மேசைகளைத் தூக்கிவிட்டுப் புது இரும்பு மேசைகள் போட்டார்கள். அந்த வாரத்திலிருந்து, சோதனை மீட்டரில் இணைத்த காயிலெல்லாம் தப்பான எண்ணைக் காட்டியது. உடனே பழி யார் மேல்? சுற்றிய பெண்கள் மேல்.

“கை ஒரு பக்கம், நெனப்பு ஒரு பக்கமா? வீட்டுக் கதைய வீட்டுலயே வச்சிட்டு வாங்க லா!” என்று சூப்பர்வைசர் அவர்களை வரிசையாக நிறுத்தி ஏசினார். சுற்றிய அத்தனையையும் பிரித்து மறுபடி சுற்ற வைத்தார்.

அக்கா சாப்பாட்டு நேரத்தில் ஒரு காயிலை எடுத்தார். மேசை மேல் வைத்து அளந்தார், தப்பு. கையில் தூக்கிப் பிடித்து அளந்தார், சரி. பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா மேல் வைத்தார், சரி. பிஸ்கட் தகர டின் மேல் வைத்தார், மறுபடி தப்பு. அதே காயில், அதே மீட்டர். மூன்று நாள் இப்படிப் பார்த்துவிட்டு, நான்காம் நாள் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார்.

“சார், கரண்டோட வேலை கம்பிக்குள்ள மட்டும் இல்ல. சுத்தி வெளியிலயும் என்னமோ இருக்கு. கீழ இரும்பு இருந்தா அதுல போயி மோதுது. காயில் நல்லாத்தான் இருக்கு, மேசைய மாத்துங்க.”

“நீ என்ன இன்ஜினியரா? போம்மா, போய் உக்காந்து சுத்து.”

அன்று மாலை எனக்குப் போன் செய்தார். நான் மின்பொறியியல் முதலாமாண்டு.

“கம்பிக்கு வெளிய என்னக்கா இருக்கப் போகுது? மீட்டர் கெட்டிருக்கும். இதெல்லாம் ஏன் மண்டையில போட்டுக்கிறீங்க?” என்றேன்.

“சரிப்பா. படிச்சவன் சொல்ற” என்று வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் வகுப்பில் மின்காந்தவியல் தொடங்கியது. அதற்கு அடிப்படை போட்ட அறிவியலாளர் ஒருவரைப் பற்றி விரிவுரையாளர் சொன்னார். ஏழைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, பள்ளிப் படிப்பு அதிகமில்லை, பெரிய கணக்கும் வராது. காந்தத்தின் சக்தி இரும்புக்குள்ளும் கம்பிக்குள்ளும் அடைந்து கிடப்பதில்லை, சுற்றியுள்ள வெளியெங்கும் பரவி நிற்கிறது என்று அவர் நினைத்தார். படித்தவர்கள் பலர் ஏற்கவில்லை. அவரோ யார் சொன்னார் என்று பார்க்காமல், சோதனை என்ன சொல்கிறது என்று பார்த்தார். அப்படிப் பரவி நிற்பதற்கு இன்று ‘புலம்’ என்று பெயர். அக்கா சொன்ன ‘என்னமோ’ அதுதான். எனக்கு வகுப்பில் உட்கார முடியவில்லை. அவருக்குப் பாடநூலில் இடம். என் அக்காவுக்கு?

அக்கா யாரிடமும் கேட்காமல் டப்பா மேல் வைத்தே அளந்துவந்தார். அவருடைய காயில் எல்லாம் தேறியது. உடனே, “அவளுக்குக் கைராசி!” என்றார்கள். சில மாதம் கழித்து எல்லா மீட்டர் பக்கத்திலும், காயிலை மேலே வைத்து அளக்க, மரக்கட்டை வந்தது. யோசனை சொன்னவர் என்று அறிவிப்புப் பலகையில் சூப்பர்வைசர் படம் வந்தது. அக்காவுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? புது ஆர்டர் வரும்போதெல்லாம் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து முதல் காயிலைச் சுற்றும் பெருமை!

“ராசி இல்லீங்க, மேசைதான்” என்று அக்கா எத்தனையோ முறை சொன்னார். தன்னடக்கம் என்றார்கள்.

சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் அந்தப் பேச்சு விடவில்லை. கூட வேலை செய்த செல்வி அக்கா பார்க்க வந்து, “ஒன் கைராசிக்கு ஒனக்கு ஒன்னும் ஆவாதுடி” என்றார்.

அக்கா சிரித்தார். “இந்தக் கட்டிலும் இரும்புதான்டி. மாத்தச் சொன்னா மட்டும் கேக்கவா போறாங்க?”

பத்து நாளில் போய்விட்டார்.

இம்மலருக்கு எழுத உட்கார்ந்தபோது, படத்துக்குக் கீழே ‘கைராசிக்காரி’ என்று போடச் சொன்னார் சித்தப்பா. நான் முடியாது என்றேன்.

“நல்ல வார்த்தைதானடா! செத்தவளப் பத்திப் பெருமையாதான சொல்றோம்?”

“பெருமை இல்ல சித்தப்பா. அவங்க மூளையால செஞ்சத அதிர்ஷ்டம்னு சொல்றீங்க.”

“நாலு எழுத்து படிச்சதும் எங்களுக்கே பாடமா?”

படிக்கத் தெரியாத அம்மா, படத்துக்குக் கீழே நான் எழுதியதை வாசிக்கச் சொன்னார். ‘காரணத்தைக் கண்டுபிடித்தவர்’ என்று வாசித்தேன்.

“அதையே போடு. அவ சொன்னப்ப நானும்தான் கேக்கல” என்றார் அம்மா.

அக்காவைக் கடைசி வரை கவனித்த தாதியருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய கம்பத்து ஊர்மக்களுக்கும், கோபித்துக்கொண்டாலும் இம்மலரை அச்சுக்குக் கொண்டு போன சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி. அக்காவோடு அந்த மேசைகளில் உட்கார்ந்து ஏச்சு வாங்கிய பெண்கள் இன்று இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. நானாவது சொல்கிறேன்: அன்று உங்கள் கையாலேயே பிரிக்க வைத்தார்களே, அந்தக் காயில்கள் அத்தனையும் நன்றாகத்தான் இருந்தன.