கனகராயன்குளத்தில் கேட்ட இரும்புச் சத்தம்

காலை ஆறு பத்துக்கு முள்ளியவளையில் மாங்குளம் பஸ் ஏறினேன். கட்டணம் நூற்றெண்பது ரூபாய், தூரம் ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். அங்கிருந்து ஏ-ஒன்பது வீதியில் தெற்கே பன்னிரண்டு கிலோமீற்றர் போனால் கனகராயன்குளம். யாரிடம் போகிறேன் என்று நடத்துநர் கேட்டார். சொந்தக்காரர் வீட்டுக்கு என்றேன். அது பொய். முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டுக்கு, இரும்பில் அடிக்கும் சத்தத்தைக் கேட்கப் போகிறேன் என்று பஸ்ஸுக்குள் எப்படிச் சொல்வது?

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். அரிசி ஆலையில் வேலை. ஆனாலும் வெளிநாட்டில் இண்டஸ்ரியல் என்று சொல்லப்படும் ஆலைச் சத்த இசைக்கு முப்பது வருட ரசிகன். இங்கிலாந்தில் ஆலைகள் மூடப்பட்ட காலத்தில் சிலர் ஒரு பழைய ஆலைக்குள் குடியேறி, ஒலிநாடாக்களை வெட்டி ஒட்டி இதைத் தொடங்கினார்களாம். பெர்லினில் மேளம் வாங்கக் காசில்லாத சிலர் கட்டட வேலை நடக்கும் இடங்களில் தகரம் பொறுக்கி வந்து மேடையில் அடித்தார்களாம். இவையெல்லாம் கைப்பேசியில் பார்த்து அறிந்தவை. ஒட்டுசுட்டான் வரும்வரை அவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் இருபத்திரண்டு வருடமாக ஆலைச் சத்தத்துக்குள்தான் நிற்கிறேன். ஒருவரும் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து கேட்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு.

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் நிவாரண லொறிச் சாரதி ஒருவர் பெயர் எழுதாத கசெற் ஒன்றைத் தந்தார். சினிமாப் பாட்டுப் பதியலாம் என்றுதான் வாங்கினேன். அப்போது வன்னியில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்போம். அப்படிச் சுற்றியபோது அந்தக் கசெற்றில் ஒரே ஒரு துண்டு இருந்தது. மூன்று அடி, ஓர் இடைவெளி, பிறகு இரும்பை அராவுவது போன்ற நீண்ட சத்தம். முடிவில் எல்லாம் மெல்ல மெல்லத் தளர்ந்து, வேலை முடிந்த இயந்திரம்போல் அடங்கும். அந்த அடக்கத்துக்காகவே திரும்பத் திரும்பச் சுற்றினேன். அடுத்த இடப்பெயர்வில் கசெற் தொலைந்தது. கைப்பேசியில் எத்தனையோ வருடம் தேடியும் அந்தத் துண்டு கிடைக்கவில்லை. சாகமுதல் ஒருதரம் அதைக் கேட்டுவிட வேண்டும் என்பதே என் ஆசை. கனகராயன்குளத்தில் ஜேர்மனியிலிருந்து திரும்பிய ஒருவரின் வீட்டில் ஆலைச் சத்தம் போல ஏதோ கேட்பதாக நெல் ஏற்ற வந்த சாரதி சொன்னதும் லீவு எடுத்தேன்.

எட்டரைக்கு இறங்கி ஒரு கிலோமீற்றர் நடந்தேன். வீட்டைக் கண்டும் உள்ளே போகக் கூச்சம். இரண்டு தரம் வாசல் படலையைக் கடந்து போனேன். மூன்றாம் தரம் வீட்டுக்கார அம்மா கூப்பிட்டு விசாரித்தா. விஷயத்தைச் சொன்னதும் உள்ளே திரும்பினா.

"இஞ்சேருங்கோ, உங்களைப்போல இன்னொரு விசர் வந்திருக்குது. பஸ் ஏறி வந்ததாம்."

வீட்டுக்காரர் மரியநாயகம் அண்ணைக்கு அறுபது வயதிருக்கும். என்னைக் கதிரையில் இருத்தி அலுமாரியைத் திறந்தார். உள்ளே முழுக்க இசைத்தட்டுகள். பெர்லினில் ஒரு மண்டபத்தின் குசினியில் கோப்பை கழுவியவராம். அந்தத் தகரக்காரர்கள் அங்கே இரண்டு தரம் வந்து அடித்திருக்கிறார்கள்.

"முடிஞ்சாப் பிறகு அந்தத் தகரத்தைத் தூக்கி வெளியில வச்சது நான்தான் தம்பி. அப்பவும் சூடாக் கிடந்தது."

அம்மா தந்த தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தேன். அந்தச் சூடு எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்று தோன்றியது. கோப்பை கழுவப் போனவருக்கு எல்லாம் கிடைத்திருக்கிறது.

பதினொரு மணிவரை ஒவ்வொரு தட்டாகப் போட்டார். எதுவும் என்னுடையது இல்லை. அப்படி ஒரு துண்டே இருந்திருக்காது, பசியில் கேட்ட மயக்கமாக இருக்கும் என்று சிரித்தார். கடைசியாகச் சிறிய தட்டு ஒன்று. மூன்று அடி, இடைவெளி. ஆனால் ஓட்டமும் கீச்சுமாக இருந்தது. பெடல் சுற்றிய என் முழங்கையில் ஏதோ அசைந்தது. இதை மெதுவாக ஓடவிடலாமா என்று கேட்டேன். அது பிழை, நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில்தான் ஓட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, எனக்காக முப்பத்துமூன்றுக்கு மாற்றினார்.

அதேதான். முப்பது வருடத்துக்குப் பிறகு அதே சத்தம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் முடிவில் அது தளரவில்லை. ஒரே வேகத்தில் போய்ச் சட்டென்று நின்றது. அப்போதுதான் விளங்கியது. சினிமாப் பாட்டு என்றால் பாடகரின் குரல் இழுபட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இதில் குரலே இல்லை. பெடலை மெதுவாகச் சுற்றியதும் நான்தான், முடிவில் களைத்துப்போய் விட்டதும் நான்தான். அந்த முன்னோடிகளின் திறமை என்று இத்தனை வருடம் கும்பிட்டதில் பாதி என் கை.

எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன். அண்ணை சிரிக்கவில்லை.

"எப்பிடி அடங்கும்? காட்டுங்கோ."

தன் தட்டுகளை மனைவியையே தொட விடாதவராம். எனக்குத் தட்டின் விளிம்பைக் காட்டினார். மறுபடி ஓடியபோது சரியான இடத்தில் விரலை வைத்தேன். கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் விட்டு, மீண்டும் அழுத்தினேன். இரும்பு தளர்ந்தது, மூச்சுவிட்டது, அடங்கியது. குசினியில் அம்மா தேங்காய் திருவுவதை நிறுத்தியிருந்தா.

அண்ணை ஊசியைத் தூக்கி வைத்தார்.

"பெர்லினில அவங்கள் அடிச்சதைக் கேட்டனான். இதைக் கேக்கேல்லை." கைப்பேசியை எடுத்தார். "இன்னொருக்காச் செய்யுங்கோ தம்பி. பதிஞ்சு வைப்பம்."

அவர் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. இரண்டு மணி நேரமாக என் முகத்தில் இருந்த அதே பொறாமைதான்.

"வேண்டாம் அண்ணை," என்றேன்.

மதியச் சாப்பாடு தந்தார்கள். படலைவரை வந்து அடுத்த கிழமை வரச் சொன்னார். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, ஒன்றே காலுக்கு மாங்குளம் பஸ் ஏறினேன்.

பிறகு யோசித்தபோது, நல்ல மனிதருக்கு அந்த அடக்கத்தைப் பதியக் கொடுத்திருக்கலாம் என்றுதான் பட்டது. ஆனால் திரும்பிப் போய்க் கொடுக்க மனம் வரவில்லை. அவரிடம் பெர்லினும் சூடான தகரமும் அலுமாரி நிறையத் தட்டுகளும் இருக்கின்றன. இப்போது அவர் கதவைச் சாத்திவிட்டு, தன் விரலை விளிம்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். என் கை எந்த இடத்தில் ஓய்ந்தது என்று அவருக்குத் தெரியாது.