ஐந்து நிமிடத்தில் அப்பாவை இறக்க வேண்டும்

தந்திக்காரர் சைக்கிள் மணியை அடிக்கவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். மற்ற நாட்களில் தெரு முனையிலேயே மணி அடித்துக்கொண்டு வருகிறவர், அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். எங்கள் பக்கம் தந்தி என்றால் சாவுதான். அவர் உறையைக் கையில் கொடுப்பதற்குள் பக்கத்து வீட்டு அத்தை கொண்டையை அவிழ்த்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

எண்பத்து மூன்றாம் வருடம், மாசி மாதம், ஒரு புதன்கிழமை அது. அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஆந்திராவுக்கு வேலைக்குப் போயிருந்தார். தந்தி இங்கிலீஷில் இருந்தது. எனக்குப் பதினாறு வயது, எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. எழுத்துக் கூட்டியதில் மூன்று வார்த்தைதான் புரிந்தது. ஐஸ், அரைவிங், சேலம்.

“அப்பா வாராருங்கம்மா. கண்ணுல என்னமோ ஆச்சாட்டம் இருக்குது. உசுருக்கு ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

அத்தை அழுகையை நிறுத்தினார். “அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன சாமி?” என்று கொண்டையை முடிந்துகொண்டார்.

மீதியைத் தபாலாபீஸில் படித்துச் சொன்னார்கள். பாறைத் தூள் அடித்து அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. தனியாக ரயில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்குச் சேலம் வருவார். எந்தப் பெட்டி என்று இல்லை. அந்த ரயில் சேலத்தில் நிற்பது ஐந்து நிமிடம். நாங்கள் இறக்காவிட்டால், கண் தெரியாத மனிதர் பாஷை தெரியாத கேரளாவுக்குப் போய்விடுவார்.

எங்களைப்போல் எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து ஆளை அழைத்துவரப் போகிறவர்களுக்காக வழியைச் சொல்கிறேன். காலை ஆறேகாலுக்கு நாமக்கல் பஸ். பதினேழு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், ஆளுக்கு ஒன்று முப்பது. நாமக்கல்லில் சேலம் பஸ் அடுத்தடுத்து உண்டு. நாங்கள் ஏறியது ஏழு பத்துக்கு, டிக்கெட் நாலு ரூபாய். வலது பக்கம் உட்காராதீர்கள், மல்லூர் வரைக்கும் வெயில் முகத்தில் அடிக்கும்.

மடியில் சின்னப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்திருந்தேன். அன்றாட இங்கிலீஷ் வாக்கியங்கள் உள்ள புத்தகம். போன பொங்கலுக்கு அப்பா வந்தபோது, நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை ரூபாய்க்கு வாங்கி வந்தது. ரிக் வண்டிக் கணக்கு, கடிதாசி எல்லாம் இங்கிலீஷ், வீட்டில் ஒருத்தருக்காவது தெரியட்டும் என்றார். ஒரு வருடத்தில் கடை, ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன் என்று மூன்று பாடம் மனப்பாடம் செய்திருந்தேன். மனப்பாடம்தான். வாய்விட்டுச் சொன்னதெல்லாம் எருமையிடம் மட்டும்.

“என்ன பாப்பா, பரீச்சையா?” என்றார் கண்டக்டர்.

“இல்லீங்க.”

“நம்ம வண்டியில இங்கிலீசு ‘ரைட்’டு ஒண்ணுதான். அது தெரிஞ்சாப் போதும், சேலம் வந்துரும்.”

பின்சீட்டில் சிரித்தார்கள். சட்டென்று மூடப்போய்ப் புத்தகம் கீழே விழுந்தது. அம்மா எடுத்துக் கொடுத்து, காதோரம் கேட்டாள். “அங்க வந்தாச்சும் வாயத் தொறப்பியா கண்ணு? எனக்கு ஒண்ணுந் தெரியாதே.” தெரியவில்லை என்பதைச் சொல்லப் பயந்து, தலையை ஆட்டினேன்.

எட்டே முக்காலுக்குச் சேலம். அங்கிருந்து சூரமங்கலம் என்று பலகை போட்ட டவுன் பஸ்ஸில் ஏற வேண்டும். ஐம்பது காசு, இருபத்தைந்து நிமிடம். ஜங்ஷன் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். பிளாட்பார டிக்கெட் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். விசாரிக்கும் ஜன்னலில் தந்தியை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, “விச் பிளாட்பாரம்ங்க?” என்றேன். பாடத்தில் அந்த ‘ங்க’ கிடையாது. பெரியவர்களிடம் அது இல்லாமல் எனக்கு வாய் வராது. உள்ளே இருந்தவர் நிமிராமல், “மூணாவது. முக்கா மணி லேட்டு” என்று தமிழிலேயே சொன்னார். ஆக, ஜன்னலில் இங்கிலீஷ் தேவையில்லை. ஆனால் வெளியூர் ரயிலில் வரும் உத்தியோகஸ்தர்களுக்குத் தமிழ் தெரியும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இன்னொன்று முக்கியம். புத்தகத்து வாக்கியத்தை அதில் அச்சடித்த பேரோடு படிக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பேரைப் போட்டு, வாய்விட்டுப் படியுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை.

அம்மா அப்பாவின் பேரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டாலும் என்னைத்தான் பார்ப்பாள். நானும் சொன்னதில்லை, எழுதிக் காட்டுவேன். புத்தகத்தில் “மை ஃபாதர்ஸ் நேம் இஸ் ராமன்” என்று இருந்தது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. ராமன் யாரோ எவரோ.

பன்னிரண்டேகாலுக்கு ரயில் வந்தது. அவ்வளவு நீளம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முன்னால் இருந்து பின்னால் ஓடினேன், அம்மா என் பின்னால் ஓடிவந்தாள். “அப்பா! அப்பா!” என்று ஜன்னல் ஜன்னலாகக் கத்தினேன். பிளாட்பாரத்தில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் அதையே கத்தினார்கள். யார் யாரோ எட்டிப் பார்த்தார்கள். கண்ணில் கட்டுப் போட்டவர் இல்லை.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்த போர்ட்டர், “அப்பான்னா எந்த அப்பா? பேரைச் சொல்லிக் கூப்புடும்மா!” என்றார்.

கறுப்புக் கோட்டு போட்ட டிக்கெட் பரிசோதகர் ஒருவர் பெட்டி வாசலில் காகிதக் கட்டோடு நின்றார். கை கூப்பி, “மை ஃபாதர்ங்க… ஐஸ்… பேண்டேஜ்” என்றேன். அவருக்குத் தமிழ் வரவில்லை. “வாட் இஸ் ஹிஸ் நேம்?” என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மை ஃபாதர்ஸ் நேம் இஸ் ராமன்.”

மனப்பாடம் முந்திக்கொண்டது. அவர் காகிதத்தில் விரலை ஓட்டினார், உள்ளே போனார், “ராமன்! ராமன்!” என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். ஒரு நிமிடம் கழித்துக் கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஒருவரை அழைத்து வந்து வாசலில் நிறுத்தினார். நெற்றியில் சந்தனம், இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன. “எந்தா?” என்றார் அந்த ராமன்.

பின்னால் கார்டு பச்சைக் கொடியைப் பிரித்தார். ‘சாரி’ என்ற வார்த்தை தெரியும், அதுகூட வரவில்லை. அம்மா முதல் தடவையாக என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “சொல்லுடி! பாவம்னா எனக்கு வரட்டும், சொல்லுடி!”

தமிழில் அப்போதும் வரவில்லை. இங்கிலீஷில் வந்தது. “மை ஃபாதர்ஸ் நேம் இஸ் பழனிவேல்!” ‘ங்க’ இல்லாமல் மொட்டையாக, வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல் வந்தது. அடுத்த ஜன்னலுக்கு ஓடிப்போய் அதையே சொன்னேன். அதற்கடுத்த ஜன்னலிலும் கத்தினேன். ரயில் விசில் அடித்தது.

அங்கிருந்து மூன்றாவது பெட்டியின் கதவோரம், தரையில், துணிப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் கட்டுப் போட்ட முகத்தை நிமிர்த்தினார்.

“ஆருங்க அது, எம்பேரு சொல்றது? சேலம் வந்துருச்சுங்களா, சார்?”

என் குரலில் தன் பேரை அவர் கேட்டதில்லை. ரயில்வே ஆள் என்று நினைத்துவிட்டார்.

நான் கம்பியைப் பிடித்துப் பெட்டிக்குள் ஏறினேன். “நானுங்கப்பா” என்றேன். பையை வாங்கி என் தோளில் போட்டேன். அவரை எழுப்பி வாசலுக்கு நடத்தினேன். ரயில் இன்னும் நகரவில்லை. கீழே அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். நான் குனிந்து, அவர் காலைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தேன்.