ரோட்டோரத்து இரண்டு வரிசை

அனுமந்தன்பட்டியில் ஜக்கம்மாவிடம் வம்பு வைத்துக்கொண்டவர்கள் நிம்மதியாக இருந்ததில்லை. தன் வெண்டைச் செடியைப் பக்கத்து வீட்டுக் கோழி கிளறிவிட்டது என்பதற்காக அந்த வீட்டுக் கல்யாணத்துக்கே போகாமல் இருந்தவள் அவள். கோழி எப்போதோ குழம்பாகிவிட்டது. கல்யாணப் பெண்ணின் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஜக்கம்மா இன்னும் அந்த வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மறப்பதெல்லாம் கையாலாகாதவர்கள் வேலை என்பது அவள் கட்சி.

ஆனால் அவள் வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது. திராட்சைக் கொடியைக் கவாத்து செய்வது சும்மா வெட்டித் தள்ளுகிற காரியம் இல்லை. காய்த்து ஓய்ந்த ஒவ்வொரு கிளையிலும் கண்களை, துளிர் விடுகிற மொட்டுகளை, எண்ணி வெட்ட வேண்டும். நாலு கண் விட்டு வெட்டினால், கிளை திடமாக இருந்து ஐந்து விட்டால், தளிரோடு பூங்கொத்தும் வரும். ஒரே கண் விட்டு ஒட்ட நறுக்கினால் வெறும் இலைதான் வரும், அந்த வெள்ளாமை போச்சு. இதற்கெல்லாம் ஆம்பளைக் கைதான் தோது என்று சொல்லிக்கொண்டிருந்த ஊரில் பத்துப் பேருக்கு ஜக்கம்மா தலைவி. பெரிய தோட்டக்காரர் பாண்டியராஜன், அவளுக்குத் தோதுப்படவில்லை என்றால் கவாத்து நாளையே தள்ளி வைத்துவிடுவார். புருஷன் விட்டுப்போனது ஓட்டு வீடு ஒன்றுதான். அவளாகச் சம்பாதித்தது இந்தப் பேர்.

அதற்கு முன்னால் எட்டு வருஷம், கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கேரளத்து மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனாள். ஒரு நாள் சாயங்காலம், வேலை முடிந்து ஜீப் ஏறப் போனவளைத் தோட்டத்து முதலாளியம்மாவான கொச்சம்மா நிறுத்தினாள். "பாண்டிகளை நம்பக் கூடாது" என்று தமிழ் ஆட்களை இளப்பமாகச் சொல்லி, ஏலக்காய் ஒளித்திருக்கிறாளா என்று எல்லார் முன்னாலும் மடியை அவிழ்த்து உதறச் சொன்னாள். ஜக்கம்மா உதறினாள். வெற்றிலைக் காம்பு ஒன்று விழுந்தது. கிழிந்த உள்பாவாடை தெரிந்தது. ஜீப் டிரைவர் சிரித்தான். கொச்சம்மா தப்பாச்சு என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.  மறுநாளிலிருந்து ஜக்கம்மா ஜீப் ஏறவில்லை. இந்த மலையாளத்துச் சனத்தில் ஒருத்தி என்றைக்காவது என் கையில் சிக்காமலா போவாள் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

சிக்கினாள். அவள் பேர் ரோசம்மா.

மலையில் மழைக்குத் தன் வீடு விரிசல் விட்டுப்போனதால், அல்லிநகரத்துக்குக் குடிபோன ஒருவரிடமிருந்து ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டத்தையும் அதற்குள் இருந்த வீட்டையும் வாங்கிக்கொண்டு தனியாக வந்து இறங்கினாள். அறுபது வயதைத் தாண்டியவள். நரைத்த தலை, கையில் குடை. லாரியிலிருந்து ஓர் இரும்புப் பெட்டி இறங்கியது. அதன் மூடியில் வட்ட வட்டமாக எழுத்து. மலையாள எழுத்து என்று எல்லாரும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜக்கம்மாவும் பார்த்தாள்.

அனுமந்தன்பட்டி யாரையும் அடித்து விரட்டுகிற ஊர் இல்லை. அதற்கு வேறு வழிகள் தெரியும். குழாய் ரிப்பேர்க்காரர் பதினைந்து நாள் 'நாளைக்கு' என்றே சொன்னார். காய்கறிக் கடையில் எல்லாருக்கும் சும்மா கிள்ளிப் போடுகிற கறிவேப்பிலை ரோசம்மாவின் பைக்கு மட்டும் போகவில்லை. "இன்னிக்கு ஒரு தோட்டம்பாக, நாளைக்குத் தெருவையே வளைச்சுருவாக" என்று சுருளியாண்டி டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எல்லாரையும்விட உரக்கப் பேசியவள் ஜக்கம்மாதான்.

"வந்தேறிகளுக்கு இங்கன என்ன சோலி?" என்றாள்.

ஜக்கம்மாவின் வீட்டில் பேசுவது தெலுங்கு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மாட்டை ஓட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தவர்களின் பேத்தி அவள். அந்தத் தெலுங்கை எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. பேசவும், தேவைப்பட்டால் திட்டவும் தெரியும். இதை எடுத்துச் சொல்கிற தைரியம் டீக்கடையில் யாருக்கு இருக்கிறது?

கவாத்துப் பருவம் வந்தது. ரோசம்மாவே குடையைப் பிடித்துக்கொண்டு தேடி வந்தாள்.

"ஜக்கம்மா அல்லே? கவாத்துக்கு நிங்ஙள் தன்னே வேணும்னு எல்லாரும் பறயுது. எனிக்கு இதொண்ணும் அறியில்லா."

ஜக்கம்மாவுக்குள் பாலும் தேனும் ஓடியது. அறியில்லையாமே! "அதுக்கென்ன சேச்சி, செஞ்சுருவோம்" என்று பல் தெரியச் சிரித்தாள். அன்றைக்குச் சோறு இரண்டு கை கூடவே இறங்கியது.

வியாழக்கிழமை காலையில் பத்துப் பேரும் பந்தலுக்குள் இறங்கினார்கள். ரோட்டோரத்து வரிசையில் தொடக்கம். ரோசம்மா கட்டன்சாயாவை டம்ளர் டம்ளராக ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜக்கம்மாவின் தங்கை முத்துலட்சுமி கத்தரியைக் கிளையில் வைத்துக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். எத்தனை கண் என்று கேட்கும் பார்வை.

ஜக்கம்மா தெலுங்கில் சத்தமாகவே சொன்னாள்: "ஒக்க கன்னு சாலு." ஒரே கண் போதும்.

முத்துலட்சுமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் என்னத்தக்கா காய்க்கும்?" என்று அவளும் தெலுங்கிலேயே கேட்டாள்.

"காய்க்க வேண்டாம். இந்த மலையாளத்துச் சிறுக்கி இலையைப் புடுங்கித் தின்னட்டும். மூணு வெள்ளாமை போனா மூட்டையைக் கட்டிட்டு மலையேறிருவா."

கூட இருந்தவர்களில் தெலுங்கு தெரிந்த நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரோசம்மா ஊற்றிக்கொண்டிருந்த டீ ஒரு சொட்டு சிந்தவில்லை. டம்ளரை ஜக்கம்மாவின் கையில் கொடுத்து, "சூடுண்டு, பார்த்து" என்றாள். ஜக்கம்மா ஊதி ஊதிக் குடித்தாள். அவள் வாழ்நாளில் அத்தனை ருசியான டீ குடித்ததில்லை.

இரண்டு வரிசை முடிந்திருந்தது. ரோசம்மா வீட்டுக்குள் போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தாள். விருந்தாளிகள் வருகிறார்கள், இன்றைக்கு இது போதும், மிச்சத்துக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்றாள். முழுநாள் கூலியையும் கொடுத்துவிட்டாள். ஜக்கம்மாவுக்கு ஏமாற்றம்தான். போகட்டும், மிச்சத்தையும் நம்மிடம்தானே கொடுத்தாக வேண்டும் என்று கத்தரிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சொல்லி அனுப்பவே இல்லை. சனிக்கிழமை ராயப்பன்பட்டியிலிருந்து ஆட்கள் வந்து மிச்சத் தோட்டம் முழுவதையும் வெட்டிவிட்டுப் போனதாக முத்துலட்சுமிதான் வந்து சொன்னாள். 

முப்பது நாளில் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. உள்ளே பந்தல் முழுக்கக் கிளைக்கு இரண்டு மூன்றாகப் பூங்கொத்து. ரோட்டோரத்து இரண்டு வரிசையில் மட்டும் மருந்துக்கும் ஒன்று இல்லை. ஆட்டுக்கு ஒடித்துப் போடலாம், அவ்வளவு இலை. பஸ் ஸ்டாப்புக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். திராட்சை ஊரில் ஒவ்வொருவனுக்கும் கண்ணிருக்கிறது. "என்ன சேச்சி, இங்கன மட்டும் காய்க்கல?" என்று நின்று கேட்டார்கள். ரோசம்மா யாரையும் குற்றம் சொல்லவில்லை. "அது ஜக்கம்மா வெட்டியது. இது ராயப்பன்பட்டிக்காரர் வெட்டியது" என்பாள், சிரித்த முகத்தோடு. நாற்பது பேர் கேட்டால் நாற்பது பேருக்கும் சொன்னாள்.

பாண்டியராஜன் வந்து பார்த்தார். ஒரு கிளையை வளைத்து வெட்டுவாயைத் தடவினார். அப்படியே கிளம்பிவிட்டார். மறுவாரம் அவர் தோட்டத்தில் ராயப்பன்பட்டி ஆட்கள் நின்றார்கள். கேட்கப் போன ஜக்கம்மாவிடம், "கோவம் யார் மேல வேணா இருக்கட்டும். அதக் கொடி மேல காட்டுற கை எனக்கு வேண்டாம்த்தா" என்றார்.

ஜக்கம்மா நேரே ரோசம்மா வீட்டு வாசலுக்குப் போனாள். ரோட்டில் போனவர்கள் நின்றார்கள்.

"ஏன்த்தா, ரெண்டு வரிசைக்கும் தண்ணி விடாமக் காயப்போட்டுட்டு ஊரெல்லாம் என் பேரையா கெடுக்குற? மலையிறங்கி வந்து எங்க பொழப்புல மண்ணப் போடத்தான் எடம் வாங்குனியா?"

ரோசம்மா வெளியே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒக்க கன்னு சாலு" என்றாள்.

நீட்டிப் பேசிய கையை ஜக்கம்மா இறக்கினாள்.

அதன் பிறகு ரோசம்மா பேசியதெல்லாம் தெலுங்கு. ஜக்கம்மாவின் தெலுங்கைவிடச் சுத்தமான தெலுங்கு. "செகந்திராபாத்தில் முப்பத்தொரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தேன். நான் வந்த அன்றைக்கு என் பெட்டியைப் பார்த்தாயே, அதில் தெலுங்கில்தான் என் பேர் எழுதியிருக்கிறது. ஒரு கண் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இலையைப் பிடுங்கித் தின்னட்டும் என்றாயே, அது புரிந்தது. தோட்டத்தை விற்றவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அன்றைக்கே சண்டை போட்டிருந்தால் நீ இல்லை என்று சாதித்திருப்பாய், ஊரும் உன் பக்கம் நின்றிருக்கும். அதனால்தான் இந்த இரண்டு வரிசையையும் அப்படியே விட்டு வைத்தேன். இப்போது இல்லை என்று சொல், பார்ப்போம்."

 ஜக்கம்மா ஏலத் தோட்டத்தையும், கொச்சம்மாவையும், மடியை உதறியதையும் கத்திக் கொட்டினாள். 

ரோசம்மா எல்லாவற்றையும் கேட்டாள்.

"அது நானா, ஜக்கம்மா?"

ஜக்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அடுத்த கவாத்துக்கும் இந்த இரண்டு வரிசை உனக்குத்தான். வேறு யாரையும் தொட விட மாட்டேன். நீயே வந்து வெட்டு. வராவிட்டால் இலையாகவே நிற்கட்டும், ஊர் பார்க்கட்டும்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜக்கம்மா மனம் திருந்தினாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடுத்த கவாத்து வரும் வரை ரோசம்மாவை அவள் சபிக்காத நாள் இல்லை. ஆனால் வேறு எந்தத் தோட்டத்திலிருந்தும் கூப்பிடவில்லை. அவள் பேர் அந்த இரண்டு வரிசையில் மாட்டிக்கொண்டு கிடந்தது. அங்கிருந்துதான் அதை எடுத்தாக வேண்டும்.

கவாத்து நாளன்று முத்துலட்சுமியை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். ரோசம்மா பிளாஸ்டிக் நாற்காலியை ரோட்டோரமாகப் போட்டு, குடையை விரித்து உட்கார்ந்திருந்தாள். ஜக்கம்மா வெட்டிய ஒவ்வொரு கிளையையும் எழுந்து வந்து, விரல் வைத்துக் கண்ணை எண்ணினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

"எத்தனக்கா?" என்று முத்துலட்சுமி தெலுங்கில் மெதுவாகக் கேட்டாள்.

"நாலு கண்ணு விடுடி!" என்று ரோட்டுக்கே கேட்கும்படி ஜக்கம்மா தமிழில் கத்தினாள்.

ஏலத் தோட்டத்தில் எல்லார் முன்னாலும் மடியை உதறியபோது அவளிடம் திருடியது ஒன்றும் இல்லை. அந்தத் தெம்பில்தான் இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து வன்மம் வளர்த்தாள். இன்றைக்கு ரோசம்மாவின் விரல் கிளை கிளையாக நகர்ந்தபோது அவள் தலை நிமிரவில்லை.

"இது நாலு" என்றாள் ரோசம்மா. "அடுத்தது."

ஜக்கம்மா அடுத்த கிளையை வளைத்தாள்.